கற்பகம் மறைந்த கதை

உலகிலுள்ள பழஞ்சமயங்களுட் பல, ஒரு பொற்காலத்தைப் பற்றிப் பேசுகின்றன. மக்கட்குலம் தோன்றிய தொடக்க நாளில் நோயில்லை, மூப்பில்லை, பசியில்லை, பகையில்லை என்றும், பின்னர் யாதோ ஒரு பிழையால் அவ்வின்ப வாழ்வு கைநழுவிற்று என்றும் அவை கூறுகின்றன. ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் வாழ்ந்த மக்களினங்கள் இங்ஙனம் ஒரே ஏக்கத்தைக் கதையாக்கி வைத்திருப்பது வியப்புக்குரியது. ஆயினும், எப்பிழையால் இழந்தோம் என்னும் வினாவுக்கு அவை கூறும் விடைகள் வேறு வேறானவை. நம் நாட்டுப் புராணங்கள் கூறும் விடை, மகா கும்பாபிஷேகம் நிகழும் இந்நன்னாளில் நாம் சிறப்பாகச் சிந்தித்தற்குரியது. ஏனெனில், மனிதன் வீடு கட்டத் தொடங்கிய வரலாறும், கோயில் என்பதன் உட்பொருளும் அவ்விடையோடு பிணைந்துள்ளன.

பிற நாட்டார் கூறுவன

எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள இத்தகைய கதைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று சுமேரியருடையது. இன்றைய இராக் நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த அம்மக்கள் களிமண் பலகைகளில் எழுதிவைத்த கதையொன்று நிப்பூர் என்னும் பழநகரிலிருந்து கிடைத்தது. சாமுவேல் கிரேமர் என்னும் அறிஞர் 1945இல் அதனை மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். தில்முன் என்னும் தூயநாட்டில் சிங்கம் கொல்வதில்லை, ஓநாய் ஆட்டுக்குட்டியைக் கவர்வதில்லை, நோயாளரும் இல்லை, முதியோரும் இல்லை என்று அது வருணிக்கின்றது. அந்நாட்டிற்கு நன்னீர் தந்த எங்கி என்னும் தேவன், தேவியால் விளைவிக்கப்பட்ட எட்டுச் செடிகளை உண்டு சாபமெய்தி, நோயுற்றுப் பின் அவளாலேயே குணமடைகின்றான். தில்முன் என்பது இன்றைய பஹ்ரைன் தீவும் அதனை அடுத்த கரையுமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு.

யூதர்தம் மறைநூல் ஏதேன் தோட்டத்தைக் கூறும். மண்ணாற் படைக்கப்பட்ட ஆதாமும் அவன் துணைவி ஏவாளும், விலக்கப்பட்ட கனியை உண்டு, அத்தோட்டத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். நெற்றி வியர்வை நிலத்தில் விழ உழைத்து உண்ண வேண்டிய நிலை அன்று வந்தது என்ப. அங்கே குற்றமாவது இறைவன் ஆணையை மீறல்.

பாரசீகரின் அவெஸ்தா, யிமன் என்னும் அரசனைப் பற்றிக் கூறுகின்றது. அவன் ஆட்சியில் குளிரும் வெம்மையும் இல்லை. மூப்பும் சாவும் அழுக்காறும் இல்லை. அவன் பொய் பேசினான். பேசவே, அவனிடத்திருந்த தெய்வ ஒளி பறவை வடிவில் பறந்து போயிற்று. இந்த யிமனே நம் வேதம் கூறும் யமன். இவன் விவஸ்வானின் மைந்தன். அவன் விவங்வந்தனின் மைந்தன். இறந்தோர் செல்லும் வழியை முதன்முதற் கண்டவன் யமன் என்கிறது இருக்கு வேதம். ஒரே பழங்கதை இரு நாடுகளில் இரு கிளையாய் வளர்ந்தமை இதனாற் புலனாம்.

கிரேக்க நாட்டுப் புலவர் ஹெசியோது, ஏறத்தாழ கி.மு. 700இல், பொன், வெள்ளி, வெண்கலம், வீரர், இரும்பு என ஐந்து குலங்களை வகுத்துக் கூறினார். பொற்குலத்தாருக்கு நிலம் தானே விளைந்து உணவளித்தது என்ற அவர், அக்குலம் மறைந்தமைக்குக் காரணம் கூறாமலே விட்டார்.

ஆணையை மீறியது, பொய் சொன்னது, உண்ணத்தகாததை உண்டது எனப் பிற நாட்டார் கூறும் காரணங்கள் இவை. இனி நம் நாட்டு விடையைக் காண்போம்.

புராணங்கள் கூறும் கிருதயுகம்

கிருதம், திரேதம், துவாபரம், கலி என்னும் நான்கு யுகங்களையும் அன்பர்கள் அறிவர். முறையே 17,28,000, 12,96,000, 8,64,000, 4,32,000 ஆண்டுகளாக, மொத்தம் 43,20,000 ஆண்டுகள் கொண்டது ஒரு சதுர்யுகம். அறம் என்னும் ஏறு கிருதயுகத்தில் நான்கு கால்களாலும் நின்றது. யுகந்தோறும் ஒரு கால் குறைந்தது என்பது யாவரும் கேட்ட செய்தி. ஆனால் அக்கால் எங்ஙனம் குறைந்தது என்பதை வாயு புராணமும் மார்க்கண்டேய புராணமும் விரித்துரைக்கும் பகுதியைப் பலர் கேட்டிருக்கமாட்டார்.

கிருதயுகத்து மக்களுக்கு வீடில்லை. அவர்கள் மலைச்சாரலிலும் கடற்கரையிலும் கவலையின்றி உலவினர். வடிவும் ஆயுளும் அனைவர்க்கும் ஒத்தே இருந்தன. உயர்ந்தோர் இவர், தாழ்ந்தோர் இவர் என்னும் பிரிவு அங்கில்லை. திரேதாயுகத் தொடக்கத்தில் அந்நிலை தளர்ந்தபோது, மழை பெய்தது, மரங்கள் தோன்றின. அவை வெறும் மரங்களல்ல. மக்கள் தங்குதற்கு இல்லமாயும், உடுத்தற்கு ஆடையாயும், அணிதற்கு அணிகலனாயும், உண்ணுதற்குக் கனியாயும் வேண்டிய யாவும் நல்கின. வண்டுகள் கூட்டாத தேன் அவற்றின் இலைத்தொன்னைகளில் நிறைந்திருந்தது. இவற்றையே கற்பகத் தருக்கள் என்கிறோம்.

பல்லாண்டு இவ்வாறு சென்றது. பின்பு ஒரு நாள் சிலருள்ளத்தில் ஓர் எண்ணம் முளைத்தது. அதற்குப் புராணம் தரும் பெயர் மமத்துவம். ‘மம’ என்றால் ‘எனது’ என்பது பொருள். ‘இம்மரம் எனது’ என்றான் ஒருவன். ‘இத்தேன் எனது’ என்றான் மற்றொருவன். வலியவர் மரங்களை வளைத்துப் பற்றிக்கொண்டனர். பற்றிய அளவிலே அம்மரங்கள் மறைந்தொழிந்தன. வளைத்துக்கொண்டவனுக்கும் அது கிட்டவில்லை. வெளியே நின்றவனுக்கும் கிட்டவில்லை. அதன் பின்னரே குளிரும் வெயிலும் பசியும் தாகமும் மக்களை வருத்தலாயின.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்கதையில் எவரும் யாரையும் தோட்டத்தினின்றும் துரத்தவில்லை. வாயிலில் வாளேந்திய காவலரும் இல்லை. தெய்வம் சினந்து தண்டித்ததாகவும் இப்பகுதி கூறவில்லை. பொதுவில் நின்றவரை வாழ்ந்த மரம், ஒருவனுடையதாகியபோது பட்டுப்போயிற்று என்பதே கதை. தண்டனை வேறு, குற்றம் வேறு அன்று, குற்றமே தண்டனையாயிற்று.

புத்தரும் சமணரும் கூறியது

இக்கருத்து வைதிகப் புராணங்களில் மட்டும் இருப்பதன்று. பாலி மொழியிலுள்ள தீக நிகாயத்தில் அக்கஞ்ஞ சுத்தம் என்றொரு பகுதியுண்டு. சாவத்தி நகரில், அந்தணர் குலத்திற் பிறந்து துறவை நாடிய வாசேட்டன், பாரத்துவாசன் என்னும் இருவருக்குப் புத்தர் உலகத் தோற்றத்தைக் கூறியதாக அஃது அமைந்துள்ளது. பிறப்பால் மேன்மை என்பது பொருந்தாது என்று நிறுவுதற்கே அவர் அக்கதையைக் கூறுகின்றார்.

ஆதியில் உயிர்கள் ஒளியுடம்பு பெற்று, மகிழ்ச்சியையே உணவாகக் கொண்டு, விசும்பில் உலவின. பின்பு நிலத்தின் மேற்படர்ந்த இன்சுவையை ஒருயிர் விரலால் தொட்டுச் சுவைத்தது. சுவைக்கச் சுவைக்க உடல் பருத்தது; ஒளி குன்றியது. இறுதியில் உமியும் தவிடுமில்லாத நெல் தானே விளைந்தது. மாலையில் கொய்தால் காலையில் மீண்டும் விளைந்து நிற்கும். ஒருவன் சோம்பல் மிகுதியால், இருவேளைக்குரியதை ஒருமுறையே கொய்து வைத்தான். அதைக் கண்ட மற்றொருவன் இரண்டு நாளைக்கென வைத்தான். பிறனொருவன் நான்கு நாளைக்கென, பின்னொருவன் எட்டு நாளைக்கென வைத்தான். அன்றே நெல்லை உமி மூடிற்று. கொய்த இடம் மீண்டும் விளையாதாயிற்று. மக்கள் வயலுக்கு வரம்பு கட்டினர். வரம்பு வந்தபின் களவு வந்தது. களவு வந்தபின் பொய்யும் தண்டமும் வந்தன. அவற்றை அடக்குதற்கு மக்களே ஒருவனைத் தேர்ந்து அரசனாக்கினர். அவனே மகாசம்மதன், அதாவது பெரும்பான்மையோர் இசைவு பெற்றவன்.

சமணர் இந்நிகழ்ச்சியைப் போகபூமி கருமபூமியாக மாறியதென்பர். பத்து வகைக் கற்பகத் தருக்கள் மெல்ல வலி குன்றவே, முதல் தீர்த்தங்கரராகிய விருஷபதேவர் வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் ஆகிய ஆறு தொழில்களை மக்கட்குக் கற்பித்தார் என்று ஒன்பதாம் நூற்றாண்டினரான ஜினசேனரின் ஆதிபுராணம் கூறும். கொள்கையால் வேறுபட்ட மூன்று சமயங்களும், கற்பகமும் தானே விளைந்த உணவும் மறைந்தமையைச் சொல்லுமிடத்து இத்துணை நெருங்கி வருதல் எண்ணத்தக்கது.

மரத்தின் நினைவாக எழுந்த வீடு

கற்பகம் மறைந்தபின் மக்கள் என் செய்தனர்? அழுது அமர்ந்திருக்கவில்லை. தம்மைக் காத்த மரங்களின் வடிவை நினைவிற் கொண்டு, அவற்றின் கிளைகள் பரந்த முறையிலே கழிகளைப் பரப்பி வீடு கட்டினர் என்று அப்புராணங்களே கூறும். கிளைக்குச் சாகை என்று பெயர். சாகையைப் போலச் செய்தமையால் வீட்டுக்குச் சாலை என்று பெயராயிற்று என அவை காரணமும் காட்டும். விரலளவு, சாண் அளவு என அளவைகள் வகுக்கப்பட்டதும், ஊரும் நகரும் எழுந்ததும் அப்போதே என்ப.

பதினோராம் நூற்றாண்டில் தாரா நகரிலிருந்து ஆண்ட போஜ மன்னன் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் என்னும் சிற்பநூலும் இக்கதையை ஓதுகின்றது. பாச மகாகவியின் நாடகங்களை வெளிக்கொணர்ந்த மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார் அந்நூலைப் பதிப்பிக்க, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் அது பரோடாவில் வெளிவந்தது. ஆதியில் தேவரும் மனிதரும் ஒருங்கே வாழ்ந்தனர். மனிதர் தேவரை மதியாது ஒழுகவே, தேவர் கற்பகத்தையும் உடன்கொண்டு விண்ணுலகேகினர். தனித்து விடப்பட்ட மனிதர் மரங்களை வெட்டி இல்லம் அமைத்தனர் என்று அது கூறும். கட்டடக் கலையைக் கற்பிக்கப் புகுந்த நூல், கற்பகத்தை இழந்த கதையையும் தன்னகத்தே கொண்டிருப்பதன் நுட்பம் பெரிது. கட்டுகின்ற ஒவ்வொரு சுவரும், இழந்த ஒன்றன் நினைவே என்பது அதன் குறிப்பு.

இது வரலாறா?

இவை யாவும் நடந்தனவா என்று வினவுவார் உளர். வினவுதல் தகும். இன்றைய ஆராய்ச்சி மக்களினத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்று காட்டுகின்றது. மொராக்கோ நாட்டில் செபல் இர்கூத் என்னுமிடத்துக் கிடைத்த எலும்புகள் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. அவ்வெலும்புக்குரியோர் பசியும் நோயும் அறியாதவரல்லர். எனவே கற்பக வனம் எந்நாட்டில் இருந்தது, எந்தக் கடலுள் மறைந்தது என்று வரைபடத்தில் தேடுதல் வீண்முயற்சியாம். புராணத்தை நிலநூலாக்குதல் புராணத்துக்கும் பெருமையன்று, நிலநூலுக்கும் பெருமையன்று.

ஆயினும் ஒன்று கூறலாம். சாக்கடலை அடுத்த திரா என்னும் இடத்தில், ஏறத்தாழ 11,000 ஆண்டுகட்கு முன் மக்கள் அமைத்த தானியக் களஞ்சியங்களை அகழ்வாராய்ச்சியாளர் கண்டனர். 2009இல் அச்செய்தி வெளியாயிற்று. பயிரைப் பண்படுத்தி வேளாண்மையை முற்ற வளர்த்தற்கு முன்பே, தானே விளைந்த தானியத்தை மனிதன் நாளைக்கென எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டான் என்பது அதனால் தெரிகின்றது. களஞ்சியமும் வரம்பும் அரசும் வளர்ந்த வழியைப் பழைய கதை தன் நோக்கில் எண்ணிப் பார்த்திருக்கின்றது. நம் முன்னோர் அகழ்வாராய்ச்சியை முன்னறிந்தனர் என்பது இதன் பொருளன்று. தம் கண்ணெதிரே வயல்வரப்புக்காக உடன்பிறந்தார் பகைத்ததைக் கண்டு, இப்பகை எங்கே தொடங்கிற்று என்று அவர்கள் சிந்தித்தனர். அச்சிந்தனையே கதையாயிற்று.

ஆபுத்திரன் செய்தது

தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையில் இக்கதையின் மறுபக்கம் உள்ளது. மதுரையில் இரந்துபெற்ற சோற்றை எளியோர்க்கு ஊட்டி, எஞ்சியதைத் தானுண்டு வாழ்ந்தவன் ஆபுத்திரன். அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரம் ஒரு கற்பகமே அன்றோ? காலவயத்தால் அவன் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். பாத்திரம் கையிலிருந்தது, உண்பிக்க வேறொருவரும் அங்கில்லை. பல்லுயிர் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு என்னுயிர் ஒன்றையே காத்தல் தகாது என்று எண்ணி, அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தான். ‘எனது’ என்றவர்களால் கற்பகம் மறைந்தது. ‘எனதன்று’ என்ற ஒருவனால் அமுதசுரபி அழியாது நின்று, பின்னாளில் மணிமேகலையின் கையை அடைந்து, காவிரிப்பூம்பட்டினத்துப் பசித்தோர்க்கு உணவளித்தது.

சாவா மூவாப் பேராடு

இனிக் கோயிலுக்கு வருவோம். சோழர் கல்வெட்டுகளைப் படிப்போர் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரை அடிக்கடி காண்பர். சாவதும் மூப்பதும் இல்லாத ஆடுகள் என்பது பொருள். தில்முனில் மூப்பில்லை என்றும், யிமன் நாட்டில் சாவில்லை என்றும் படித்தோம். தஞ்சை மண்டலத்து ஆட்டுமந்தைக்கு இப்பெயர் எப்படி வந்தது?

இராசராசேச்சுரத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் என்பது விதி. ஆட்டுக்கு மாறாக 48 பசுக்களோ 16 எருமைகளோ அளித்தலும் உண்டு. இவற்றை ஆயர் ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து விளக்குக்கு அளந்தனர். ஆடுகள் இறக்கும், ஆயினும் அவற்றின் குட்டிகள் வளர்ந்து எண்ணை நிரப்பும். ஆயர் தலைமுறை மாறும், கடமை மாறாது. ஆகவே மந்தை சாவதில்லை, மூப்பதில்லை. தந்தவரும் ஏற்றவரும் ‘எனது’ என்னாது பொதுவில் நிறுத்திய பொருளுக்குச் சாவில்லை என்பதை எளிய இடையர் தொழிலிலே நிகழ்த்திக் காட்டினர் நம் முன்னோர். நிலக்கொடைகளைச் ‘சந்திராதித்தவல்’, அஃதாவது சந்திர சூரியர் உள்ளளவும் என்று எழுதியதும் இக்கருத்துப் பற்றியே.

எடுத்துவைத்தல் அனைத்தும் குற்றமாகாது என்பதும் இங்கு அறியத்தக்கது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைத் திருக்கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கின்றது. விமானத்தின் உச்சியிலுள்ள கலசங்களிலும் வரகு முதலிய தானியங்களை நிரப்புகின்றோம். எட்டு நாளைக்கெனத் தனக்கு வைத்தவனாலே நெல்லை உமி மூடிற்று. ஊருக்கென வைத்த நெல்லோ பூசைக்கும் அன்னத்துக்கும் உரியதாயிற்று. வைத்தல் ஒன்றே, யாருக்கென வைத்தான் என்பதிலேதான் வேறுபாடு.

வேலியிட்ட கற்பகம்

பொதுவில் நிற்க வேண்டிய கோயிலுக்கும் மக்கள் வேலியிட்ட காலம் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் பக்தியாகாது. மக்களுள் ஒரு சாரார் நூற்றாண்டுகளாக வாயிலுக்கு வெளியே நின்று, கோபுரத்தைக் கண்டே கும்பிட்டுத் திரும்பினர். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் தம் நாட்டுக் கோயில்களை இந்து மக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டார். 1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுட் புகுந்து வழிபட்டனர். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. கிருதயுகத்தில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற பிரிவில்லை என்று புராணம் ஓதும் நாம், அதனைக் கோயில் வாயிலில் மறந்திருந்தோம். சட்டம் கதவைத் திறந்தது. உள்ளத்தில் எஞ்சிய வேலியை நீக்குதல் அடியார் கடமை. முதல் மரியாதை எவர்க்கு, பரிவட்டம் எவர்க்கு, தேர்வடத்தின் தலைப்பு எவர் கைக்கு என்று பூசலிடுமிடத்தில் இன்றும் கற்பகத்தின் ஓரிலை உதிர்கின்றது.

எனதன்று

வேத வேள்வியில் ஆகுதி இடுந்தோறும், ‘இஃது இத்தெய்வத்திற்குரியது, எனதன்று’ என்னும் பொருளுடைய சொல்லை வேள்வித்தலைவன் சொல்லுதல் மரபு. கற்பகத்தை இழக்கச் செய்த சொல் ‘மம’. வேள்வியில் ஒலிப்பதோ ‘ந மம’. ஓரெழுத்து முன்னே வந்து நிற்கவே பொருள் முழுவதும் திரும்பிவிடுகின்றது. ஒரு நாட்டின் நெடுங்காலச் சிந்தனை அவ்வோரெழுத்தில் அடங்கியிருக்கின்றது.

திருப்பணிக்குப் பொருளீந்த மெய்யன்பர்கள் தம் பெயரைக் கல்லிற் பொறித்தல் குற்றமன்று. இராசராசனும் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டச் செய்தான். ஆனால் அப்பெயர்கள் உடையவர் பெயராக நில்லாமல், கொடுத்துவிட்டவர் பெயராக நிற்கின்றன. ஆயிரம் ஆண்டு கழிந்தும் அவற்றை நாம் மதிப்பது அதனாலேயே. ஆயிரம் பொன் கொடுத்தவரும், ஒரு கூடை மண் சுமந்தவரும், இன்று விமானத்தை நோக்கிக் குவிக்கும் கைகள் ஒன்றுபோலவே குவிகின்றன. மேலிருந்து தெளிக்கும் கும்பநீரும் கொடையின் அளவை வினவி விழுவதில்லை.

மறைந்த கற்பகத்தை நாம் மீட்டுக் கொணர இயலாது. ஆயின் அதன் நிழலை ஊர்நடுவே மீண்டும் விரிக்க இயலும். அந்நிழலே கோயில். இதனுள் வருவோர் எவரும் ‘எனது’ என்னும் சொல்லை வாயிலிலேயே விடுத்து வருக! இங்கு ஏற்றிய விளக்கு சாவா மூவா விளக்காய்ச் சந்திராதித்தர் உள்ளளவும் நின்றெரிக! பசித்து வந்தோர் எவரும் வறிதே மீளாதிருப்பாராக! எல்லாம்வல்ல இறைவன் திருவருள் யாவர்க்கும் பொதுவாய்ப் பொலிக!